ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (கோபால்சாமி துரைசாமி நாயுடு, மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த பொறியியல் வல்லுநரும் தொழில் முனைவோரும் கல்விப் புரவலரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி எதுவும் பெறாத இவர் மோட்டார் எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தே அத்துறையைக் கற்றவர். பேருந்துப் போக்குவரத்து, மின்மோட்டார், சவரக் கருவி, வானொலிப் பெட்டி, வேளாண்மை எனப் பல துறைகளில் ஈடுபட்டார். 1952 ஆம் ஆண்டு 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை.

இவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவரது வாழ்வில் தொடக்கம் முதல் இறுதி வரை விடாது வந்த பொருள் மோட்டார் எஞ்சினே ஆகும். சவரக்கத்தியையும் பப்பாளியையும் பற்றிப் பேசுவோர் பலரும் இவர் அடிப்படையில் ஒரு மெக்கானிக் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இளமைக்காலம்

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றில் நாயுடு பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்த இவர் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் இவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியதாக இவரைப் பற்றிக் கூறப்படும் கதை கொங்கு நாட்டில் பலரும் அறிந்தது. பள்ளியை விட்டபின் தோட்ட வேலைகளைக் கவனித்துக்கொண்டே தமிழ் நூல்களைத் தாமாகப் படித்தார்.

இவரது இருபதாம் வயதை ஒட்டிய காலத்தில், லங்காசயர் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கிராமத்துப் பக்கம் வந்தார். குதிரையோ மாடோ இல்லாமல் தானே ஓடும் வண்டியை நாயுடு அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார். அது இங்கிலாந்தின் ரட்ஜ் நிறுவனம் செய்த வண்டியாகும். அத்தகைய வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இவரைக் கோயம்புத்தூர் நகருக்கு இழுத்து வந்தது. உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்து பணம் சேர்த்தார். பிறகு அதே அதிகாரியிடம் இருந்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் இவர் காட்டிய ஆர்வத்தை விட அதைப் பிரித்துப் பார்ப்பதில் காட்டிய ஆர்வமே மிகுதி. அக்கால ரட்ஜ் வண்டியின் எஞ்சின் ஒரே ஓர் உருளையைக் கொண்டது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ, பின்சக்கரத்தைச் சுழற்றும் பட்டை ஆகியவை அனைத்தும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே அமைந்திருக்கும். தனியாக எஞ்சின் கற்க விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் கிடைத்திருக்க முடியாது. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, அதன் பணியைப் புரிந்துகொண்டு, மீண்டும் பூட்டி ஓடச் செய்தார். அதன் பின்னர் சில காலம் மெக்கானிக்காகப் பணியாற்றினார்.

இடையில் பருத்தி வணிகத்திலும் இறங்கினார். திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈட்டிய பணத்தைப் பம்பாய்ப் பருத்திச் சந்தையில் இழந்து வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. இந்த இழப்பே இவரை மீண்டும் மோட்டார் துறைக்குக் கொண்டுவந்தது எனலாம்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ், நாயுடுவின் திறமையை அறிந்து உதவ முன்வந்தார். அவரது துணையுடன் ஒரு பேருந்தை வாங்கிய நாயுடு, 1920 ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை இயக்கத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகத் திண்டுக்கல் செல்லும் இரயில் பாதை அப்போது அமைந்திருக்கவில்லை. பழனி முருகன் கோயிலுக்குச் செல்வோர் மாட்டுவண்டியிலோ நடந்தோ செல்ல வேண்டிய காலம் அது. ஆகவே இத்தடத்தில் பயணிகளுக்குக் குறைவிருக்கவில்லை.

ஒரு பேருந்தில் தொடங்கிய இத்தொழில் யு.எம்.எஸ். என்னும் பெயரில் வளர்ந்து, 1933 வாக்கில் சுமார் 280 பேருந்துகளைக் கொண்ட நிறுவனமாகியது. தனியார் பேருந்துகள் ஆள் சேரும் வரை காத்திருந்து புறப்படுவதே அந்நாளைய நடைமுறை. நாயுடுவின் பேருந்துகள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றவை. நேரம் தவறாமை என்பது ஓட்டுநரின் ஒழுக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. வழியில் எஞ்சின் நின்றுவிடாமல் இருந்தால்தான் அது இயலும். இறக்குமதி செய்யப்பட்ட வண்டிகளின் உதிரி உறுப்புகள் கடல் கடந்து வர மாதக்கணக்கில் ஆகும். எனவே பழுதான உறுப்பை உள்ளூரிலேயே செய்துகொள்ளும் பட்டறையும், பழுது ஏற்படும் முன்பே அதைக் கண்டறியும் வழியும் நாயுடுவுக்குத் தேவைப்பட்டன. மோட்டார் வண்டியின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றை இவர் உருவாக்கியது இத்தேவையின் விளைவேயாகும். தேய்ந்த தாங்கியும் சமநிலை இழந்த சுழல்தண்டும் முற்றிலும் உடைவதற்கு முன் அதிர்வாகவே தம்மை வெளிப்படுத்தும் என்பது எஞ்சினுடன் பழகிய எவரும் அறிந்ததே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. சென்னை மாகாணம் முழுவதும் பேருந்துகள் கரிவாயுவில் ஓடத் தொடங்கின. வண்டியின் பின்புறம் பொருத்தப்பட்ட உலையில் மரக்கரியை எரித்துப் பெறும் வாயுவே இதற்கு எரிபொருள். பெட்ரோலில் ஓடும்போது கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கரிவாயுவில் குறைந்துவிடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடந்த கதைகளை அத்தலைமுறையினர் நெடுநாள் பேசி வந்தனர். பேருந்து நடத்தியோர் அனைவருக்கும் இது ஒரு கடுமையான சோதனையாக அமைந்தது.

1944 ஆம் ஆண்டு நாயுடு தமது மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைகளுக்கும் கொடைகளை அறிவித்தார்.

மின்மோட்டாரும் பிற கருவிகளும்

1937 ஆம் ஆண்டு நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து கோயம்புத்தூர் பீளமேட்டில் மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் இதுவே எனக் கருதப்படுகிறது. 1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மூலம் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்து சேர்ந்திருந்தது. ஆலைகளும் கிணற்றுப் பாசனமும் மிகுந்த இப்பகுதியில் மோட்டாருக்குப் பெரும் தேவை இருந்தது. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார். கோயம்புத்தூர் இன்று மோட்டார், பம்பு உற்பத்தியில் முன்னணி நகராக விளங்குவதற்கு இம்முயற்சி ஒரு முக்கியத் தொடக்கமாகும்.

1930களில் நாயுடு பலமுறை ஐரோப்பாவுக்குச் சென்றார். ஒளிப்படம் எடுப்பதிலும் திரைப்படக் கருவியைக் கையாள்வதிலும் பெரும் ஈடுபாடு கொண்ட இவர், 1936 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் சியார்ச் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமாக்கினார். செருமனியில் உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டாரைக் கொண்ட ரேசண்ட் என்னும் சவரக் கருவி இவரது பெயரைப் பரப்பியது. மிக மெல்லிய சவரத்தகடு, ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் உறுப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியனவும் இவரது ஆக்கங்களாகக் குறிப்பிடப்படுகின்றன. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று 1941 ஆம் ஆண்டு அறிவித்தார்.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒற்றுமை தெரியும். உலகில் அதுவரை இல்லாத ஒன்றைப் படைப்பதை விட, வெளிநாட்டில் விலை உயர்ந்ததாக இருக்கும் ஒன்றை இங்குள்ள எளிய மனிதர் வாங்கும் விலைக்குக் கொண்டுவருவதே இவரது நோக்கமாக இருந்தது. எடிசனுடன் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

சிறு எஞ்சினின் சிக்கல்

நாயுடுவின் மகிழுந்து முயற்சியைப் புரிந்துகொள்ள அக்காலச் சிறு மகிழுந்துகளைப் பற்றிச் சிறிது அறிவது பயன் தரும். ஓர் எஞ்சினின் ஆற்றல், அது ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே கொண்டுவருவதே கடினம். உருளை சிறியதாக இருந்தால் காற்றும் குறைவு, ஆற்றலும் குறைவு. மலைமேல் செல்லும்போது நிலைமை மேலும் மோசமாகும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடையும் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதை விட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும்.

இதற்கு ஐரோப்பியர் கண்ட தீர்வுகளுள் ஒன்று சூப்பர்சார்ஜர் ஆகும். எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பட்டை அல்லது பற்சக்கரம் மூலம் இயக்கப்படும் ஒரு காற்றழுத்தி இது. எஞ்சின் தானாக உறிஞ்சும் அளவை விட மிகுதியான காற்றை உருளைக்குள் அழுத்தித் திணிக்கும். இதில் பெரிதும் பயன்பட்ட ரூட்ஸ் வகை ஊதி, அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் உடன்பிறந்தார் 1860களில் உருவாக்கியது. முதலில் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் காற்று செலுத்தவே அது பயன்பட்டது. 1922 ஆம் ஆண்டு வெளிவந்த ஆஸ்டின் செவன் என்னும் சிற்றுந்தின் எஞ்சின் கொள்ளளவு 750 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குச் சூப்பர்சார்ஜர் பொருத்திப் பந்தயங்களில் ஓட்டினர். 1931 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சியார்ச் ஐஸ்டன் என்பவர் சூப்பர்சார்ஜர் பொருத்திய எம்.ஜி. மகிழுந்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைக் கடந்தார். 750 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட எஞ்சின் அவ்வேகத்தை எட்டியது அதுவே முதல் முறை. 1950களில் மாரிஸ் மைனர் போன்ற அன்றாட வண்டிகளுக்கும் இக்கருவியை வாங்கிப் பொருத்தும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. அதே மாரிஸ் மைனர்தான் 918 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் பேபி இந்துசுத்தான் என்ற பெயரில் இந்தியாவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காற்றைத் திணிக்கும்போது உருளையின் அழுத்தமும் வெப்பமும் உயர்வதால், கலவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். இதைத் தவிர்க்க அழுத்த விகிதத்தைக் குறைக்கவும், தீப்பொறி எழும் நேரத்தைத் தள்ளிவைக்கவும், தரமான பெட்ரோலைப் பயன்படுத்தவும் வேண்டும். பிஸ்டன், தாங்கிகள், உருளைத் தலையின் அடைப்புத் தகடு ஆகியவற்றின் ஆயுள் குறையும். குளிர்விக்கும் அமைப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எரிபொருள் செலவு கூடுவதைச் சொல்லத் தேவையில்லை. பந்தய வீரருக்கு இவை பொருட்டல்ல. நூற்றுக்கணக்கான பேருந்துகளை ஓட்டி, எஞ்சினின் ஆயுளையே வருமானமாகக் கண்ட ஒருவருக்கு இவை எல்லாமே பொருட்டாகும்.

மற்றொரு தீர்வும் இருந்தது. எஞ்சினை வலுப்படுத்துவதற்கு மாறாக, அது இழுக்க வேண்டிய சுமையைக் குறைப்பதே அது. வண்டியைச் சிறிதாக்கி, இருக்கைகளைக் குறைத்து, தேவையற்ற அணிகலன்களை நீக்கினால் சிற்றெஞ்சினே போதும். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இருவர் அமரும் மிகச் சிறிய வண்டிகள் பல இவ்வழியில் தோன்றின.

இருவர் மகிழுந்து

1952 ஆம் ஆண்டு நாயுடு வெளியிட்ட மகிழுந்து இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது. இருவர் மட்டுமே அமரும்படி அமைந்த, பெட்ரோலில் ஓடும் சிறு வண்டி அது. விலை 2,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இவ்விலைக்குள் சூப்பர்சார்ஜர் போன்ற துணைக்கருவிகளுக்கு இடமே இல்லை. மகிழுந்து என்பது நிலக்கிழார், மருத்துவர், வழக்கறிஞர், ஆலை முதலாளி ஆகியோரின் உடைமையாக மட்டுமே இருந்த நாட்டில் இது துணிச்சலான அறிவிப்பாகும்.

காலம் இம்முயற்சிக்கு எதிராக அமைந்தது. 1949 ஆம் ஆண்டு இந்திய அரசு முழுமையாகச் செய்யப்பட்ட மகிழுந்துகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1951, நாயுடுவின் மகிழுந்து வெளிவந்த அதே 1952 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் புதிய உற்பத்தியைத் தொடங்க நடுவண் அரசின் உரிமம் கட்டாயமாயிற்று. மோட்டார் வண்டி உற்பத்தியும் அவற்றுள் ஒன்று. சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 1953 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட கொள்கை, உறுப்புகளை இந்தியாவிலேயே செய்யும் திட்டம் உடைய சில நிறுவனங்களுக்கு மட்டுமே இடமளித்தது. உறுப்புகளை இறக்குமதி செய்து பூட்டி விற்றுவந்த போர்டு, செனரல் மோட்டார்சு ஆகிய பெரு நிறுவனங்களே வெளியேற நேர்ந்தது. எஞ்சியவற்றுள் இந்துசுத்தான் மோட்டார்சு, பிரிமியர் ஆட்டோமொபைல்சு, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆகிய மூன்றுமே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்திய மகிழுந்துச் சந்தையைத் தம் கையில் வைத்திருந்தன. மூன்றும் வெளிநாட்டு வடிவமைப்புகளையே உரிமம் பெற்றுச் செய்தன. உள்ளூரில் உருவான வடிவமைப்புக்கு உரிமம் வழங்கப்படவில்லை. நாயுடுவின் மகிழுந்து அத்துடன் நின்றது.

நடுநிலையோடு நோக்கினால் அரசின் தயக்கத்துக்கும் காரணங்கள் இருந்தன என்பதை ஏற்க வேண்டும். அயல்நாட்டுச் செலாவணி மிகக் குறைவாக இருந்த காலம் அது. எஃகும் உருளைதாங்கிகளும் இறக்குமதியாக வேண்டியவை. மகிழுந்தை ஆடம்பரப் பொருளாகவும் பேருந்து, சரக்குந்து, இழுவை ஆகியவற்றை நாட்டுக்குத் தேவையானவையாகவும் திட்டமிடுவோர் கருதினர். மேலும், பட்டறையில் ஒரு வண்டியைச் செய்வதற்கும் ஆண்டுக்குப் பல்லாயிரம் வண்டிகளைச் செய்வதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. அச்சுவார்ப்பு, தரச்சோதனை, விற்பனை நிலையம், பழுதுபார்ப்பு, வரி ஆகிய அனைத்தும் சேர்ந்தபின் 2,000 ரூபாய் என்ற விலை நிலைத்திருக்குமா என்பது சோதித்துப் பார்க்கப்படாமலே போயிற்று. நாயுடுவின் கணக்கு சரியாகவும் இருந்திருக்கலாம், தவறாகவும் இருந்திருக்கலாம். அதைக் கண்டறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டதே இழப்பு.

இவ்வாறு நின்றுபோனது நாயுடுவின் வண்டி மட்டுமன்று. மகாராட்டிரத்தின் இச்சல்கரஞ்சியைச் சேர்ந்த சங்கர்ராவ் குல்கர்ணி 1949 முதல் மீரா என்னும் சிறு மகிழுந்தைப் படிப்படியாக உருவாக்கினார். அதுவும் உற்பத்தி நிலையை எட்டவில்லை. 1950களின் இறுதியில் மலிவு விலை மகிழுந்து பற்றி ஆராய எல். கே. ஜா தலைமையில் அரசே ஒரு குழுவை அமைத்தது. அதன் பின்னும் பேச்சு நீண்டதே தவிர வண்டி வரவில்லை. 796 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் மாருதி 800 வெளிவந்தது 1983 ஆம் ஆண்டு திசம்பரில்தான். நாயுடு மறைந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு இலட்சம் ரூபாய் மகிழுந்து என்ற அறிவிப்புடன் 2008 ஆம் ஆண்டு அறிமுகமான டாட்டா நானோ, உரிமச் சிக்கல் எதுவும் இல்லாத காலத்திலும் எதிர்பார்த்த வெற்றியைப் பெறாமல் 2018 ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்டது. மலிவு விலை மகிழுந்து எளிதான செயலன்று என்பதற்கு இதையும் கருத்தில் கொள்ளலாம்.

1937 ஆம் ஆண்டின் மின்மோட்டாரையும் 1952 ஆம் ஆண்டின் மகிழுந்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே வகைப் பட்டறைத் திறனில் இருந்து பிறந்தவை. முதலாவது நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்களாகப் பெருகியது. இரண்டாவதற்கு இரண்டாம் பிரதி இல்லை. சிறு பட்டறைகள் பகுதி பகுதியாகச் செய்து வளர்த்தெடுக்கக்கூடிய பொருள் மின்மோட்டார், மகிழுந்து அவ்வாறன்று என்பது வேறுபாட்டின் ஒரு பகுதி. மற்றொரு பகுதி உரிமம்.

வரி எதிர்ப்பு

அரசின் வரிவிதிப்பும் கட்டுப்பாடுகளும் புதிதாகச் செய்வோரை ஒடுக்குகின்றன என்பது நாயுடுவின் உறுதியான கருத்து. 1950களில் தாம் உருவாக்கிய வானொலிப் பெட்டிகள் முதலான பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பை வெளிப்படுத்தினார். இச்செயல் பலரை அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது. உடைப்பதற்கு மாறாக ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி அன்றே எழுந்தது. செய்த கைகளே உடைத்தால்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியும் என்று அவர் கருதியிருக்கக் கூடும். அரசின் கொள்கையில் இதனால் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. தந்தை பெரியார் நாயுடுவின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவராவார். அரசியலில் நாயுடுவுக்கு நாட்டம் குறைவு. 1930களின் நடுவில் மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றபின் மீண்டும் அப்பக்கம் செல்லவில்லை.

கல்விப்பணி

தாம் பள்ளியில் கற்காததைப் பிறர் முறையாகக் கற்க வேண்டும் என்று நாயுடு விரும்பினார். 1945 ஆம் ஆண்டு இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது. எனினும் அவிநாசி சாலையில் பழைய இடம் இருந்த பகுதி இன்றும் ஹோப்ஸ் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. அங்கு பேருந்தில் இறங்குவோரில் பலருக்கு அந்தக் கல்லூரி எது என்பது தெரியாது.

கல்லூரியின் முதல்வராகவும் நாயுடு பொறுப்பேற்றார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே ஆண்டுகள் போதும் என்பது இவரது வாதம். அரசு இதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் கற்றவருக்கு நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் அமர்வது வீணாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வெப்ப இயக்கவியலும் கணிதமும் அறியாமல் புதிய எஞ்சினை வடிவமைக்க முடியாது என்ற எதிர்த்தரப்பு வாதத்திலும் உண்மை உண்டு. பின்னாளில் வானொலி, மோட்டார் எஞ்சின் முதலியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளை இவர் நடத்தினார்.

வேளாண்மையும் பிற பணிகளும்

பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் நாயுடு ஆய்வுகளை மேற்கொண்டார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்திச் செடிகள் இவரது தோட்டத்துக்குப் பார்வையாளர்களை ஈர்த்தன. சர் சி. வி. இராமன், விசுவேசுவரையா ஆகியோர் அங்கு வந்து பார்த்தவர்களுள் அடங்குவர். 1967 ஆம் ஆண்டு காலை ஆறு மணிக்கு அடித்தளம் இட்டு மாலை ஐந்து மணிக்குக் குடிபுகும் நிலையில் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். முன்னரே செய்து வைத்த பகுதிகளைக் கொண்டு பூட்டப்பட்ட இவ்வீடு, அவரது மோட்டார் பட்டறை முறையைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தியதே ஆகும்.

மறைவும் நினைவும்

நாயுடு 1974 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள் காலமானார். இவருடைய மகன் ஜி. டி. கோபால். நாயுடு சேகரித்த கருவிகளும் அவரது ஆக்கங்களும் கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலுள்ள தொழிற்கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளன. 2015 ஆம் ஆண்டு குடும்பத்தினர் அதன் அருகே ஜிடி மகிழுந்து அருங்காட்சியகத்தைத் திறந்தனர். பல நாடுகளின் பழைய மகிழுந்துகள் அங்கு உள்ளன. இவரது வாழ்க்கையைக் கூறும் ஆவணப்படம் ஒன்று 66 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் விருது பெற்றது.

2025 ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட, உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி சாலை மேம்பாலத்துக்குத் தமிழ்நாடு அரசு ஜி. டி. நாயுடு மேம்பாலம் எனப் பெயரிட்டது. இப்பாலம் ஹோப்ஸ் காலேஜ் பகுதியின் மேலாகவே செல்கிறது.